நாளைக்கு இடிமழை, சூறைக்காற்று என்று எச்சரிக்கை. டார்ச், மெழுகுவர்த்தி தவிர வேறு என்ன முன்னேற்பாடு செய்ய வேண்டும்?

டார்ச் வாங்கியாயிற்று, மெழுகுவர்த்தி வாங்கியாயிற்று, வேறென்ன என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு முதலில் பதில் சொன்னவர், "எச்சரிக்கை விட்ட நாளெல்லாம் வெயில்தான் அடிக்கும், நிம்மதியாகத் தூங்குங்கள்" என்கிறார். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. இதே வசனத்தை எங்கள் வீட்டிலேயே நிறையக் கேட்டவள் நான்.

நீங்கள் மாடி வீட்டில் இருக்கிறீர்கள், மேலே மொட்டை மாடியில் பாதி வீட்டுச் சாமான் கிடக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அப்படி இல்லையென்றால் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் வானிலை படித்தவள் இல்லை, அதையும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

டார்ச் நல்லதுதான். ஆனால் அது காற்று அடித்து, கரண்ட் போன பிறகு தேவைப்படுவது. அதற்கு முன்பு செய்ய வேண்டியதெல்லாம் வீட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. அதுவும் வானம் வெளுத்திருக்கும்போதே செய்து முடிக்க வேண்டும்.

எங்கள் கதை இது. அன்றைக்குக் காலையிலேயே எச்சரிக்கை வந்துவிட்டது. வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. நான் மாடிக்குப் போய் பிளாஸ்டிக் நாற்காலிகள், காலி டப்பாக்கள், துணி காயப்போடும் ஸ்டாண்டு எல்லாவற்றையும் கீழே இறக்கினேன். சுவர் விளிம்பில் வரிசையாக வைத்திருந்த பூந்தொட்டிகளைத் தரையில் மூலையோடு சேர்த்து வைத்தேன். தண்ணீர்த் தொட்டி மூடியைக் கயிறு போட்டுக் கட்டினேன். செடிகளுக்கு நிழல் தர ஒரு தகரத்தைச் சும்மா சாய்த்து வைத்திருந்தோம், அதைப் படுக்கப்போட்டு மேலே செங்கல் அடுக்கினேன். என் கொழுந்தன் படிக்கட்டில் நின்று வேடிக்கை பார்த்தார். "அண்ணி, வெயிலுக்குப் பயந்து நாற்காலியை ஒளித்துவைக்கிறது நீங்கள் ஒருத்தர்தான்" என்று சிரிப்பு வேறு. மதியம் மூன்று மணி வரை அவர் சொன்னதுதான் சரி. வெயில் மண்டையைப் பிளந்தது.

அப்புறம் மேற்கே கறுத்தது. மழை வருவதற்கு முன்னால் திடீரென்று சில்லென்று ஒரு காற்று, கூடவே மண் வாசனை. அதைத் தொட்டே அடித்தது பாருங்கள், கால் மணி நேரம்கூட இருக்காது. எங்கள் மாடியிலிருந்து ஒரு டப்பாகூடப் பறக்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து மட்டும் தொட்டி மூடி கிளம்பி வந்து, கீழே நிறுத்தியிருந்த எங்கள் ஸ்கூட்டரின் கண்ணாடியையும் முன்விளக்கையும் நொறுக்கியது. அந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. மறுநாள் அந்த வீட்டுக்காரர் ஆள் அனுப்பினார். மன்னிப்புக் கேட்க என்றா நினைக்கிறீர்கள்? மூடியைத் திருப்பி வாங்கிப்போக! கொடுத்தும் விட்டோம். ஸ்கூட்டருக்கு இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை. சரி, அதை விடுங்கள்.

மரங்கள் விழுந்திருந்த விதத்தைப் பார்த்துச் சிலர் சுழல்காற்று என்றார்கள். சுழன்று அடித்திருந்தால் மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்திருக்கும். எங்கள் தெருவில் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. அதன்பிறகுதான் ஆர்வத்தில் தேடிப் படித்தேன். இடிமேகத்துக்குள் மழையாலும் ஆலங்கட்டியாலும் குளிர்ந்த காற்று கனத்துப்போய்த் தடாலென்று கீழே இறங்குகிறது. வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டினால் நாலாபக்கமும் ஓடுமே, அதுபோலத் தரையில் மோதிப் பக்கவாட்டில் பாய்கிறது. முன்னால் வந்த அந்தச் சில்லென்ற காற்று இதன் முனைதான். 1975 ஜூனில் நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் இறங்க வந்த ஒரு பயணிகள் விமானம் விழுந்து நொறுங்கியது. அந்த விபத்தை ஆராய்ந்த டெட்சுயா புஜிட்டா என்ற விஞ்ஞானிதான் இப்படிக் கீழே பாயும் காற்றுதான் காரணம் என்று எடுத்துச் சொன்னார். முதலில் அவரையும் பலர் நம்பவில்லையாம். இந்த வகைக் காற்று மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டிய பதிவுகளும் உண்டு.

இன்னொரு கணக்கும் மனதில் இருக்கட்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். 45 கிலோமீட்டர் காற்றுக்கு அசையாமல் நின்ற பொருள் 90-லும் நிற்கும் என்று நம்பக்கூடாது.

"எச்சரிக்கை பொய்" என்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. புயல் என்றால் நாட்கணக்கில் பாதை போட்டுக் காட்டலாம். இடிமழை அப்படி இல்லை. இந்த வட்டாரத்தில் இன்றைக்கு வாய்ப்பு உண்டு என்று முந்தின நாளே சொல்லலாம், எந்தத் தெருவில் விழும் என்பது கடைசி அரை மணி, ஒரு மணி நேரத்தில்தான் ரேடாரில் தெரியும். நாலு கிலோமீட்டர் தள்ளி அடித்துவிட்டு உங்கள் தெருவை விட்டுவிட்டால் எச்சரிக்கை தப்பு என்று அர்த்தமில்லை. பல நாள் நாற்காலியை வீணாகத்தான் இறக்குவீர்கள். நானும் இறக்கியிருக்கிறேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

அந்தக் கடைசி நேர எச்சரிக்கை உங்கள் கண்ணில் பட வேண்டுமே! எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் அன்றைக்கு அது வந்திருந்தது. அதற்கு மேல் பூங்கொத்துப் படத்தோடு முப்பது காலை வணக்கம், கல்யாண நாள் வாழ்த்து, அதற்குக் கைகூப்பி நன்றி. "இந்தக் குழு அறிவிப்புக்கு மட்டும்" என்று நிர்வாகியே ஒட்டி வைத்திருக்கிறார், முதல் வணக்கமும் அவருடையதுதான். குழுவை நம்பாமல் உங்கள் நாட்டு வானிலைத் துறையின் எச்சரிக்கை நேராக உங்கள் போனுக்கு வரும்படி செய்துகொள்ளுங்கள்.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். போனுக்கும் பவர் பேங்குக்கும் சார்ஜ், மேல்தொட்டியில் தண்ணீர். டிவி, கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்குங்கள், கூடவே கேபிள் ஒயரையும் இணைய ஒயரையும். மின்னல் தாக்கம் அந்த வழியாகவும் வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆனால் இடி இடிக்க ஆரம்பித்த பிறகு பிளக்கில் கை வைக்காதீர்கள், குளிக்கவும் வேண்டாம். சார்ஜர் மாட்டாத செல்போனில் பேசலாம், அது மின்னலை இழுக்கும் என்பது கட்டுக்கதை. ஜன்னலைத் திறந்துவைத்தால் காற்றழுத்தம் சமமாகிக் கூரை தப்பும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து தள்ளத்தான் அது உதவும். எல்லாவற்றையும் சாத்திவிட்டுக் கண்ணாடிப் பக்கம் போகாமல் இருங்கள். கரண்ட் போனால் ஃப்ரிட்ஜை அடிக்கடி திறக்க வேண்டாம், மூடியே இருந்தால் 4 மணி நேரம் வரை குளிர் தாங்கும். வண்டியை மரத்தடியிலிருந்து காலையிலேயே எடுத்துவிடுங்கள்.

வெளியே மாட்டிக்கொண்டால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள், கட்டடத்துக்குள்ளோ கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ போங்கள். இடிச் சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் உங்களைத் தொடும் தூரத்தில் இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை உள்ளேயே இருங்கள். மழை விட்டதுமே போட்டோ எடுக்க மாடிக்கு ஓடுகிறவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு, யார் என்று சொல்ல வேண்டியதில்லை. தெருவில் ஒயர் அறுந்து கிடந்தால் அதில் கரண்ட் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டு 10 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். தண்ணீர் தேங்கியிருந்தால் இன்னும் தள்ளி. மின்வாரிய எண்ணை இப்போதே போனில் பதிந்து வையுங்கள், இருட்டில் தேடிக்கொண்டிருக்க முடியாது.