ஹார்மோன் மாத்திரை என்றாலே கருத்தடை என்று கிளெய்மை மறுக்கலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன், ஐ.டி. வேலை. அலுவலகக் குழுக் காப்பீட்டில் ஓ.பி.டி. (ஆஸ்பத்திரியில் சேராமல் பார்க்கும் வைத்தியம்) செலவும் உண்டு. மெடிக்கல் ஷாப்பில் நானே சீட்டில்லாமல் வாங்கிய கருத்தடை மாத்திரை, பிறகு பிசிஓடி-க்காக (சினைப்பை நீர்க்கட்டி) டாக்டர் எழுதிக்கொடுத்த ஹார்மோன் மாத்திரை, இரண்டு பில்லையும் சேர்த்து அனுப்பினேன். ‘கருத்தடைக்குக் கிடையாது’ என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். இது சரியா?

பதில்: பாதி சரி, பாதி தப்பு.

நீங்களே வாங்கியதற்குப் பணம் வருவது கஷ்டம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-ல் வகுத்த பொது விலக்குகளில் (காப்பீடு பணம் தராத செலவுகளில்) 17-வது குறியீட்டில் ‘எந்த வகைக் கருத்தடையும்’ என்றே இருக்கிறது, அதனால் சீட்டு இருந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் கம்பெனி பேசி அந்த விலக்கை எடுக்க வைத்திருந்தால் மட்டும் கதை வேறு, எனவே எச்.ஆரிடம் முழு பாலிசி நகலைக் கேட்டு வாங்குங்கள், இரண்டு பக்கச் சுருக்கம் போதாது. பணம் வரவில்லை என்று மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாலா-என், சாயா மாத்திரைகளும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியும் இலவசம்.

பிசிஓடி பில்தான் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. மாதவிலக்கைச் சீராக்க டாக்டர் கொடுத்த மருந்து சிகிச்சைதான், அட்டையில் இருக்கும் மாத்திரை ஒன்றாகவே இருந்தாலும் எதற்காகக் கொடுத்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். விலக்கு பொருந்தும் என்று காட்டவேண்டிய பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துடையது, வாசகம் இரண்டு அர்த்தம் தந்தால் பாலிசிதாரருக்குச் சாதகமாகவே எடுக்கவேண்டும் என்பது நம் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொன்னது. ஆகவே நோயின் பெயரும் மருந்தின் காரணமும் உள்ள கடிதம் ஒன்றை டாக்டரிடம் வாங்கி, சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட், அந்த பில்லை மட்டும் வைத்து, காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது மறுபடி மறுத்தார்கள் என்றால் பெங்களூருவிலேயே காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் (ஆம்பட்ஸ்மேன்) அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம், குழு பாலிசிக்கும் போகலாம், மறுத்த ஒரு வருடத்துக்குள் போகவேண்டும்.

அப்புறம் ஒன்று, பழைய பில்லுக்கும் சேர்த்துத் தேதி மாற்றி டாக்டரிடம் சீட்டு கேட்காதீர்கள். அது வெளியே வந்தால் நியாயமான கிளெய்மும் போய்விடும்.