இளைஞர்கள் கிறிஸ்தவத்தை எப்படிப் பார்க்கிறார்கள்? விசுவாசிகள் அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் 22 வருடமாக ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். என்னிடம் மனப்பாட வசனம் ஒப்பித்த பிள்ளைகளில் பாதிப் பேர் இன்று ஆராதனைக்கு வருவதில்லை. அதனால் இந்தக் கேள்வியைக் கடந்து போக மனம் வரவில்லை.

நான் பேசிப் பார்த்தவரை, இயேசுவின்மேல் அந்தப் பிள்ளைகளுக்குக் கோபமே இல்லை. கோபமெல்லாம் எங்கள்மேல்தான்.

போன வருடம் பிரதிஷ்டைப் பண்டிகை, அதாவது எங்கள் கோயிலை (சர்ச்சை) அர்ப்பணித்த நாளின் கொண்டாட்டம். மறுநாள் சபையார் சேர்ந்து சாப்பிடும் அசனம் என்பதால் கோயிலுக்குப் பின்னால் சாக்கு விரித்து, வாலிபப் பையன்கள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆராதனைக்கு வராதவன்கூட அசன வேலைக்கு வந்துவிடுவான், விடிய விடிய நிற்பான். அவர்களில் ஒருத்தன், என்னிடம் படித்தவன், நறுக்குவதை நிறுத்தாமலே கேட்டான்: "டீச்சர், நாளைக்கு எல்லாரும் ஒரே பந்தியிலதான உக்காரப் போறோம்? பொறவு மாப்பிள்ளை பாக்கும்போது மட்டும் ஏன் கிறிஸ்தவம்னு போட்டு, பக்கத்துலயே சாதியையும் போடுதீங்க?"

என் மூத்த மகளுக்கு வரன் தேடியபோது நான் கொடுத்த விளம்பரம் அப்படித்தான் இருந்தது. அவன் அதைப் பார்த்திருக்கிறான். "அது ஊர் வழக்கம்ப்பா, கோயிலுக்குள்ள நாம அதெல்லாம் பாக்கிறதில்லைலா" என்று சமாளித்தேன். அவன் ஒன்றும் சொல்லாமல் அடுத்த காயை எடுத்தான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தனித்தனியாக உட்காருவதும், நற்கருணை எடுக்கப் போகும்போது யார் முந்தி யார் பிந்தி என்பதும் அன்று அவ்வளவு பெரிய பிரச்சினை. அந்த உத்தரவை ஏற்க மனமில்லாமல் தஞ்சாவூரிலும் சென்னையிலும் சபையை விட்டே போனவர்கள் உண்டு. அடுத்த வாரம் அவனைத் தேடிப் போய் இதைச் சொன்னேன், திருச்சபை அன்றைக்கே கண்டித்தது என்று அவனுக்குக் காட்டலாம் என நினைத்து. அவன் கேட்டுவிட்டு, "அப்போ 190 வருசமா தெரிஞ்சேதான் செய்றோம், இல்லையா டீச்சர்?" என்றான். 'செய்றோம்' என்றான். தன்னையும் சேர்த்துக்கொண்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பெண் பிள்ளைகளின் காயம் வேறு. உடுப்பு, போன், யாரோடு பேசினாள் என்று எல்லாவற்றுக்கும் "சாட்சி கெட்டுப்போகும்", அதாவது கிறிஸ்தவள் என்ற நற்பெயர் போய்விடும் என்ற ஒரே மிரட்டல். இவர்களுக்கு நான் இப்போது குளோரிந்தாவின் கதையைச் சொல்கிறேன். தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை. ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு திருமணமில்லாமல் வாழ்ந்ததால், அவர் ஞானஸ்நானம் கேட்டபோது ஜெர்மன் மிஷனெரியான சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-ல்தான் கொடுத்தார். அதே பெண்தான் பாளையங்கோட்டையில் சபையைச் சேர்த்தார், 1785-ல் கோயில் கட்டினார். நெல்லைச் சபையின் வேர் அது. வாசலில் நிறுத்தப்பட்ட ஒருத்தி கட்டிய வீட்டில் இருந்துகொண்டு நாம் யாரை வாசலில் நிறுத்துகிறோம்? முன்பெல்லாம் ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையைச் சொன்னாலும், ஞானஸ்நானம் மறுத்த பகுதியை மட்டும் விட்டுவிடுவேன். பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டதே அந்தப் பகுதிதான்.

இன்னொரு பிள்ளை. அம்மாவுக்குப் புற்றுநோய். வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர், "விசுவாசம் முழுசா இருந்தா சுகம் நிச்சயம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா இறந்தபோது அவளுக்கு 17 வயது. தன் விசுவாசம் பத்தாமல்தான் அம்மா போய்விட்டாள் என்று ஒரு வருடம் யாரிடமும் சொல்லாமல் சுமந்திருக்கிறாள். வேதாகமத்தில், எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. விசுவாசிகள் என்ன பதில் சொல்வது என்று கேட்டீர்கள். சில இடத்தில் பதிலே சொல்லக் கூடாது என்பதை நான் கற்றுக்கொண்டது அவளிடம். இப்போது சனிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போவேன். சேர்ந்து ராத்திரிச் சமையலைப் பார்ப்போம். அவள் கேட்டால் மட்டும் ஜெபம்.

திருமண்டலத் (பல சபைகள் சேர்ந்த நிர்வாகப் பகுதி) தேர்தல், கோர்ட் வழக்கு, பண விவகாரம் பற்றியும் பிள்ளைகள் கேட்கிறார்கள். அதில் நான் யாருக்கும் வக்காலத்து வாங்குவதில்லை. தப்பு என்றால் தப்பு என்று சொல்லிவிடுவேன். "தேவ ஊழியரைக் குறை பேசாதே" என்று அவர்கள் வாயை அடைத்த காலத்தில் நாம் இழந்தவர்கள் போதும்.

இப்போது இளைய மகளுக்கு வரன் பார்க்கிறோம். விளம்பரத்திலிருந்து அந்த ஒரு வார்த்தையை எடுக்க என் கணவரோடு நான்கு மாதம் பேச வேண்டியிருந்தது. என் சொந்த அண்ணன் இன்னும் என்னோடு பேசுவதில்லை. முன்பு வந்த அளவுக்கு வரன்களும் வரவில்லை. விளம்பரம் வந்த அன்று அந்தப் பையனுக்கு அனுப்பினேன். "பாத்தேன் டீச்சர்" என்று மட்டும் பதில் போட்டான். ஞாயிற்றுக்கிழமை அவன் இன்னும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.