பிக்மி எண் பிறப்புச் சான்றிதழுக்கு மட்டும்தானா?

கர்ப்பம் உறுதியானதும் பிக்மியில் (தமிழக அரசின் கர்ப்பிணிகள் பதிவு இணையதளம்) பதிந்து 12 இலக்க ஆர்.சி.ஹெச். எண் (தாய்-சேய் நலப் பதிவு எண்) வாங்கச் சொல்கிறார்களே, சான்றிதழைத் தவிர அதனால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் செவிலியர். என்னைக் கேட்டால் சான்றிதழ் அதன் கடைசிப் பயன்.

நம் வழக்கத்தில் வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். பரிசோதனையெல்லாம் ஒரு மாவட்டம், பிரசவம் வேறு மாவட்டம். நடு ராத்திரியில் வலியோடு 108-ல் வந்து இறங்கும்போது பரிசோதனை அட்டை மாமியார் வீட்டு பீரோவில் இருக்கும். கூட வந்த அம்மாவுக்கு, "ரத்தம் கம்மின்னு சொன்னாங்க" என்பதுவரைதான் தெரியும். எவ்வளவு கம்மி? பிரசவத்தில் அரை லிட்டர் ரத்தம் போனால் நல்ல உடம்பு பெரும்பாலும் தாங்கிவிடும். ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே உள்ளவருக்கு அதே இழப்பு உயிருக்கே ஆபத்து. அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கும்போது பதிவில் அது இருந்தால் முதலிலேயே ரத்தத்துக்கு ஏற்பாடு செய்வோம், இல்லையென்றால் சீமாங்க் மையத்துக்கு (அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையம்) அனுப்பிவிடுவோம்.

ரத்த அழுத்தமும் அப்படித்தான். 140/90 தொட்டால்தான் பலரும் பதறுவார்கள். 100/60, 116/74, 134/86 என்று ஏறி வந்தால் ஒவ்வொன்றும் தனியாகப் பார்க்க நார்மல். வரிசையாகப் பார்த்தால்தான் இவரை அடிக்கடி வரச்சொல்லி சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும் என்று தோன்றும். ரத்த வகை நெகட்டிவ் என்பதும் முன்பே தெரிய வேண்டும். குழந்தை பாசிட்டிவ் என்றால் அடுத்த கர்ப்பத்தில் சிக்கல் வராமல் இருக்க 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போடணும்.

ஆனால் இதெல்லாம் உண்மையாக அளந்து பிக்மியில் ஏற்றினால்தான் உதவும். போன மாத அளவையே இந்த மாதமும் போட்டுவிடுவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. கிராம சுகாதார செவிலியர்களுக்கு வேலைச்சுமை அதிகம், தெரியும். இருந்தாலும் காலியாக விட்டால் நாங்கள் புதிதாகப் பார்த்துக்கொள்வோம். தப்பான எண் இருந்தால் நம்பிவிடுவோம்.

அதனால் ஒவ்வொரு முறையும் பிபி பார்த்தார்களா, எவ்வளவு, ஏற்றிவிட்டார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். தனியார் லேபில் எடுத்த ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், முந்தைய சிசேரியன், மருந்து அலர்ஜி எதையும் சொல்லாமல் விடாதீர்கள். தாய்வீடு போன வாரமே அந்த ஊர் செவிலியரிடம் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். கணவர், அம்மா இருவர் போனிலும் அது இருக்கட்டும்.