கணக்கு வாத்தியார் பதில்கள்: லாக்கில் ஒளிந்த மைனஸ்

கேள்வி: லாக் க + லாக் (க − 2) = 3. அடிமானம் 2. எனக்கு 4, −2 என்று இரண்டு விடைகள் வருகின்றன. புத்தகத்தில் 4 மட்டும்தான் இருக்கிறது. எந்த வரியிலும் நான் தப்புச் செய்யவில்லையே ஐயா, −2 ஏன் ஆகாது?

பதில்: வரிகள் எல்லாம் சரிதான் அம்மா. முதல் வரிக்கு முன்னால் எழுத வேண்டிய ஒரு வரிதான் இல்லை.

லாக் 8 என்பது ஒரு கேள்வி. அடிமானமான 2-க்கு எந்த அடுக்குப் போட்டால் 8 வரும்? 3. அதே 2-க்கு எந்த அடுக்குப் போட்டால் −2 வரும் என்று கேட்டுப் பாருங்கள். அடுக்கு 5 என்றால் 32, 0 என்றால் 1, −5 என்றால் 1/32. எவ்வளவு சின்னதானாலும் பூஜ்யத்தைத் தொடாது, மைனஸ் பக்கம் போகவே போகாது. ஆகவே மெய்யெண்களில் லாக் (−2) என்று ஒன்று கிடையாது. உங்கள் கணக்கில் க-வும் பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், க − 2-உம் அப்படியே. அதாவது க > 2. இதுதான் விட்டுப்போன வரி.

சரி, அப்படியானால் −2 எந்த வழியாக நுழைந்தது? இரண்டு லாக்கையும் சேர்த்து லாக் க(க − 2) = 3 என்று எழுதினீர்களே, அங்கேதான். க = −2 என்றால் உள்ளே −2, −4. தனித்தனியே இரண்டுக்குமே லாக் இல்லை. பெருக்கியதும் 8! இரண்டு மைனஸ் சேர்ந்து பிளஸ் ஆனதில் குட்டு மறைந்துவிட்டது. அப்புறம் க² − 2க − 8 = 0 என்ற சமன்பாட்டுக்கு க எங்கிருந்து வந்தது என்று தெரியாது; 4-ஐயும் −2-ஐயும் பாரபட்சமில்லாமல் தந்துவிடும்.

சேர்க்கும்போது வேண்டாதது உள்ளே வருகிறது என்றால், பிரிக்கும்போது வேண்டியது வெளியே போகும். இதைப் பலர் சொல்லித் தருவதில்லை. அடிமானம் 10 வைத்து லாக் க² = 6 என்று கொடுத்தால், கை தானாக 2 லாக் க = 6 என்று எழுதி, க = 1000 என்று முடித்துவிடுகிறது. −1000-ஐ வர்க்கப்படுத்தினாலும் பத்து லட்சம்தானே? அடுக்கை முன்னால் இறக்கிய அந்த நொடியில் ஒரு நல்ல விடை தொலைந்தது. க-வின் குறி தெரியாதபோது 2 லாக் |க| என்றுதான் இறக்க வேண்டும் (|க| என்றால் மைனஸ் குறியை விட்டுவிட்ட க). வேண்டாத விடையைப் போட்டுப் பார்த்துத் தள்ளிவிடலாம், தொலைந்த விடையைச் சரிபார்க்க வழியே இல்லை. அதனால் எனக்கு இரண்டாவது தவறுமேல்தான் கோபம் அதிகம்.

கேள்வி: லாக் (அ + ஆ) = லாக் அ + லாக் ஆ என்று ஏன் எழுதக் கூடாது? 2, 2 போட்டுப் பார்த்தேன், சரியாக வந்ததே!

பதில்: வரும். 2 + 2-உம் 4, 2 × 2-உம் 4. 3, 1.5 போட்டாலும் வரும். கூட்டினாலும் பெருக்கினாலும் 4.5. இப்படிக் கூட்டலும் பெருக்கலும் ஒன்றாகிற ஜோடிகளுக்கு மட்டுமே அது பொருந்தும். 2, 3 போட்டிருந்தால் லாக் 5-க்கு லாக் 6 வந்திருக்கும்.

4 × 8 என்பது 2² × 2³, அதாவது 2⁵. பெருக்கும்போது அடுக்குகள் கூடுகின்றன. லாக் விதி இதையேதான் சொல்கிறது. 4 + 8-க்கு அடுக்குகளிடம் இப்படி ஒரு வழி இல்லை. 1614-ல் ஸ்காட்லாந்துக் கணித அறிஞர் நேப்பியர் மடக்கை (லாக்) அட்டவணையை வெளியிட்டதே பெரிய பெருக்கல்களைக் கூட்டலாக மாற்றத்தான். கூட்டலை எதற்கு மாற்ற வேண்டும், அது ஏற்கெனவே சுலபம்தானே?

கேள்வி: 3-இன் அடுக்கு க, 2-இன் அடுக்கு க + 1, இரண்டும் சமம். எந்த அடிமானத்தில் லாக் எடுப்பது?

பதில்: எதில் வேண்டுமானாலும். கடைசியில் ஒரு லாக்கை இன்னொரு லாக்கால் வகுப்பதால் விடை மாறாது. 10-ஐ வைத்துக்கொள்வோம். க லாக் 3 = (க + 1) லாக் 2. க இருப்பவற்றை ஒரு பக்கம் கொண்டுவந்தால் க (லாக் 3 − லாக் 2) = லாக் 2. அதாவது 0.3010-ஐ 0.1761-ஆல் வகுக்க வேண்டும்; சுமார் 1.71. இங்கே நிபந்தனை எதுவும் வேண்டாம். 3-உம் 2-உம் எந்த அடுக்கிலும் பிளஸ்தான்.