ஆறாவது விரலுக்குத் தனி மரபணுவா?

அன்புள்ள ஐயா,

உடலின் முழு வரைபடமும் மரபணுக்களில் இருக்கிறது என்று பாடத்தில் படித்தேன். எல்லா செல்லிலும் அதே மரபணுக்கள்தான் என்றும் படித்தேன். அப்படியானால் கட்டைவிரலில் இருக்கும் செல்லுக்கு, தான் சுண்டுவிரல் இல்லை என்று எப்படித் தெரிகிறது? ஆறு விரலோடு பிறக்கும் குழந்தைக்கு ஆறாவது விரலுக்கென்று ஒரு மரபணு கூடுதலாக இருக்குமா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

அந்த வரைபடத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். கட்டிட வரைபடத்தில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஓர் இடம் உண்டு. டிஎன்ஏவில் எங்கே தேடினாலும் சுண்டுவிரலுக்கென்று ஓர் இடம் கிடைக்காது. புரதங்களைச் செய்வதற்கான குறிப்புகள் இருக்கும். எந்த மரபணு எங்கே, எப்போது வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் ஸ்விட்சுகள் இருக்கும். மீதியை எல்லாம் செல்கள் பக்கத்து செல்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்கின்றன.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சோதனை, 1968-இல் சாண்டர்ஸ், காஸெலிங் என்ற இரு உயிரியலாளர்கள் வெளியிட்டது. முட்டைக்குள் இருக்கும் கோழிக்கருவில் சிறகு ஒரு சின்ன மொட்டாகத்தான் தொடங்கும். அந்த மொட்டின் பின்ஓரத்திலிருந்து, அதாவது நம் கையில் சுண்டுவிரல் வரும் பக்கத்திலிருந்து, துளி திசுவை எடுத்து இன்னொரு மொட்டின் முன்ஓரத்தில் வைத்தார்கள். மூன்று விரல் வர வேண்டிய சிறகில் ஆறு வந்தது, கண்ணாடியில் பார்த்ததுபோல் இருபக்கமும். இதில் கவனிக்க வேண்டியது, கூடுதல் விரல்களைக் கட்டியவை அங்கே ஏற்கெனவே இருந்த செல்கள். ஒட்டிய திசு செய்தி மட்டும்தான் அனுப்பியது. பிறகு எலிக்கருவின் திசுவை வைத்தும் பார்த்தார்கள். அப்போதும் முளைத்தது கோழி விரல்தான்!

அந்தச் செய்தி ஒரு புரதம் என்பது 1993-இல் தெரிந்தது. பெயர் சோனிக் ஹெட்ஜ்ஹாக் (ஆமாம், வீடியோ கேமில் வரும் அதே சோனிக்). பின்ஓரத்தில் சுரந்து, தள்ளிப்போகப் போகக் குறைகிறது. எவ்வளவு கிடைக்கிறது, எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதை வைத்துத்தான் ஒரு செல் தன் இடத்தை அறிகிறது. கட்டைவிரல் பக்கம் அது கிட்டத்தட்ட எட்டுவதே இல்லை. இதே புரதம் முதுகுத்தண்டில் நரம்பு செல்களை வகைபிரிக்கவும், முகத்தில் இரு கண்கள் தனித்தனியாகப் பிரியவும் உதவுகிறது. செய்தி ஒன்றே, கேட்கும் செல்லைப் பொறுத்து விளைவு மாறுகிறது.

சரி, ஆறாவது விரல். சோனிக் மரபணுவைக் கைகால்களில் இயக்கும் ஸ்விட்ச், அதிலிருந்து ஏறக்குறைய 10 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் தள்ளி, வேறொரு மரபணுவின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதில் ஓர் எழுத்து மாறினாலே போதும், கட்டைவிரல் பக்கமும் சோனிக் சுரந்து அங்கே கூடுதல் விரல் வரலாம். சோனிக் மரபணு கூடவும் இல்லை, மாறவும் இல்லை. ஆனால் எல்லா ஆறாம் விரலுக்கும் இதுவே காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். சுண்டுவிரல் ஓரத்தில் வருபவற்றுக்குப் பெரும்பாலும் வேறு காரணங்கள் உண்டு.

இதே ஸ்விட்ச் பாம்புகளிலும் இருக்கிறது, பழுதாகி. 2016-இல் எலியின் ஸ்விட்சை எடுத்துவிட்டு மலைப்பாம்பின் ஸ்விட்சை வைத்தபோது, எலிக்குக் கால்கள் குட்டையாக நின்றுபோயின. மலைப்பாம்பு இழந்திருந்த 17 எழுத்துகளை அதில் திரும்பச் சேர்த்ததும் கால்கள் ஒழுங்காக வளர்ந்தன.