படகின் நீளத்தைப் பார்த்து டிரெய்லர் வாங்கலாமா?

கேள்வி: 17 அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். 60 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். விவரக் குறிப்பில் படகின் எடை 480 கிலோ. மொத்த எடை வரம்பு 750 கிலோ கொண்ட பழைய டிரெய்லர் ஒன்று மலிவாக வருகிறது. "17 அடி வரைக்கும் தாராளமாகத் தாங்கும்" என்கிறார் விற்பவர். கடல், ஏரி இரண்டிலும் இறக்குவேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த 750 கிலோவில் டிரெய்லரின் சொந்த எடையும் அடக்கம். டிரெய்லரே 250 கிலோ இருந்தால், படகுக்கு மிஞ்சுவது 500 கிலோதான்.

உங்கள் 480 கிலோ என்பதோ பெரும்பாலும் வெறும் கூடு. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் அதுவே 110 கிலோவுக்கு மேல் வரும். 60 லிட்டர் பெட்ரோல் சுமார் 45 கிலோ. பேட்டரி, நங்கூரம், சங்கிலி, கயிறு, உயிர்காப்பு அங்கி, ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்தால் இன்னும் 80, 90. ஆக 720 கிலோவைத் தாண்டிவிட்டது. டிரெய்லர் எடையைக் கூட்டினால் ஏறக்குறைய ஒரு டன். 1,200 கிலோ வரம்புள்ளதைத் தேடுங்கள். பல நாடுகளில் 750 கிலோவுக்கு மேல் போனால் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். உங்கள் கார் எவ்வளவு இழுக்கலாம் என்பதை அதன் கையேட்டில் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். முடிந்தால் படகை ஏற்றி ஒருமுறை எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள். என் கணக்கைவிட அது நம்பகமானது.

நீளத்தைப் பார்க்க வேண்டிய இடம் வேறு. தண்ணீரில் படகின் அடி முழுவதையும் தண்ணீர் தாங்குகிறது. டிரெய்லரில் சில இடங்கள் மட்டுமே தாங்குகின்றன. எஞ்சின் தொங்கும் பின்பலகை வரைக்கும் தாங்குகட்டை நீள வேண்டும். அரை அடி குறைந்தாலும் எஞ்சின் பாரத்தில் அடிப்பாகம் நாளடைவில் வளைந்துவிடும். அப்படி வளைந்த படகு பிறகு ஓட்டத்தில் நேராக நிற்காது. ஃபைபர் படகுக்கு கார்பெட் போர்த்திய நீளக் கட்டைகளே என் தேர்வு. படகைத் தண்ணீரில் விடும் இறக்குதளம் சரிவு குறைந்து ஆழமில்லாமல் இருந்தால், கட்டைக்குப் பதில் உருளைகள், அதாவது ரோலர் வசதிதான், ஆனால் பாரம் சில புள்ளிகளில் குவியும். ரோலர்கள் நிறைய இருக்க வேண்டும்.

வண்டியில் பாரம் ஏற்றுகிறவர்கள் முன்பாரம், பின்பாரம் என்பார்கள். இங்கும் அதேதான். மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் கார் கொக்கியின்மேல் இறங்க வேண்டும். உங்களுக்கு 50 முதல் 100 கிலோ. குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும், அதை அடக்குவது மிகக் கடினம். கூடினால் காரின் பின்புறம் அமுங்கி முன்சக்கரப் பிடி தளரும். டிரெய்லரைக் காரிலிருந்து கழற்றி, அதன் முன்முனையைக் கொக்கி உயரத்தில் ஒரு கட்டைமேல் நிறுத்தி, கட்டையின் அடியில் வீட்டு எடை மெஷினை வைத்தால் அந்தப் பாரம் தெரிந்துவிடும். படகின் முன்முனையை இழுத்துக் கட்டும் வின்ச் தூணை முன்பின் நகர்த்திச் சரிசெய்யலாம். தூணை நகர்த்த முடியாத டிரெய்லரை நான் வாங்கமாட்டேன்.

கடலில் இறக்குவதால் பெயின்ட் அடித்த இரும்பு வேண்டாம். உருக்கிய துத்தநாகத்தில் முழுதாக முக்கி எடுத்த கால்வனைஸ் சட்டம், இல்லையென்றால் அலுமினியம். எதுவானாலும் கடலுக்குப் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

எந்தப் பழைய டிரெய்லரைப் பார்க்கப் போனாலும் சக்கர மூடியைக் கழற்றி விரலால் கிரீஸைத் தொட்டுப் பாருங்கள். பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் பேரிங்குக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. நெடுந்தூரம் ஓடிச் சூடான சக்கரத்தை உடனே தண்ணீரில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். இறக்குதளத்தில் அரைமணி நேரம் ஆறவிடச் சொல்வது இதற்காகத்தான். அப்படியே டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத் தயாரிப்பு. ஆறு வருடம் கடந்த டயரில் பட்டன் தேயாமல் இருந்தாலும், புது டயர்களின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.