பக்கவாத நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் முன் என்ன ஆயத்தம் தேவை?

டிஸ்சார்ஜ் ஆயத்தம் என்பது, வீட்டில் எப்படி நடமாடுவது என்பதை வார்டிலேயே பழக்கிவிடுவது. மருத்துவமனையில் தரை சமம். கூப்பிட்டால் நர்ஸ் வருவார். வீட்டிலோ உயர்ந்த வாசற்படி, வழுக்கும் குளியலறை, தரையோடு பதித்த கழிப்பறை. பலமிழந்த காலை மடக்கிக் குந்துவது பெரும்பாடு. நடுவில் துளையிட்ட நாற்காலி ஒன்று பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும் (பலர் இதை வாங்கக் கூச்சப்படுகிறார்கள், ஏனோ). படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். வீட்டாரும் கூடவே நின்று பழக வேண்டும். நாற்றைப் பிடுங்கும் முன்பே வயலைச் சேறடித்து வைப்பதில்லையா, அதுபோலத்தான் இதுவும். டிஸ்சார்ஜ் என்றாலே முழுக்கக் குணமாகிவிட்டது என்று எண்ணிப் பலர் பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள். அப்படியல்ல, கைகால் பயிற்சி வீட்டிலும் மாதக்கணக்கில் தொடர வேண்டியிருக்கும்.